குழாய் கேட்டவர்களுக்குக் கரண்ட் கணக்கு

"அப்போ உனக்குக் கரண்ட் வேணாமா?" அனல்மின் நிலையங்களைப் பற்றி யார் எங்கே வாய் திறந்தாலும் இரண்டாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்து விழுந்துவிடுகிறது. கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், ரயிலில் கேட்டிருக்கிறேன். தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு கட்சிப் பேச்சாளர் எதிரே இருந்தவரை நோக்கி விரலை நீட்டிக் கேட்டதையும் பார்த்திருக்கிறேன். கேட்பவர் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. கேட்டுவிட்டு, தலைக்கு மேல் ஓடும் ஃபேனை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். அதோடு எதிராளி வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத விதி. இந்தக் கேள்வியின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு கடுப்பு உண்டு. அதில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று தோன்றும். எந்த இடத்தில் என்றுதான் பிடிபடாமல் இருந்தது.

கேள்விக்கு இவ்வளவு பலம் சும்மா வந்துவிடவில்லை. 2011, 2012ஐ இந்த மாநிலத்தில் கடந்து வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2012 பிப்ரவரி கடைசியில் சென்னையின் மின்வெட்டை ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமாக்கியதற்கே பெரிய கூச்சல் எழுந்தது. அதே ஆண்டில் கோவை, மதுரைப் பக்கமெல்லாம் பத்து, பன்னிரண்டு மணி நேரம் என்று போய்க்கொண்டிருந்தது. விசைத்தறி நின்றது, பவுண்டரி நின்றது, பிள்ளைகள் மெழுகுவத்தியில் பொதுத்தேர்வுக்குப் படித்தார்கள். வடக்கிலிருந்து வாங்கலாம் என்றால் கொண்டுவரப் போதுமான கம்பி இல்லை. தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே தொகுப்பாகச் சேர்ந்ததே 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை வழியாகத்தான். 2011 தேர்தலில் ஆட்சி மாறியதற்கு மின்வெட்டும் ஒரு காரணம் என்பதில் இங்கே கட்சி பேதமில்லை. அன்றிலிருந்து யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் கரண்ட் போய்விடக்கூடாது என்ற பயம் மட்டும் மாறாமல் இருக்கிறது. நியாயமான பயம்தான். ஆனால் பயம் என்று ஒன்று இருந்தால் அதைக் காட்டிக் காரியம் சாதித்துக்கொள்பவர்களும் கூடவே வந்துவிடுகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு ஏகபோக உரிமையாளர் என் பெரியப்பா. ஒரு அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் கேட்டால் மட்டும் எனக்குக் கோபம் வராது. நடுராத்திரியில் யூனிட், அதாவது பாய்லரும் டர்பைனும் சேர்ந்த ஒரு மின் உற்பத்திப் பிரிவு, ட்ரிப் ஆகி நின்று, மறுபடியும் பற்றவைத்து, மின்தொகுப்பில் சேர்க்கும்வரை வீட்டை எட்டிப் பார்க்காமல் கிடந்த மனிதர். மழைக்காலத்தில் ஈர நிலக்கரி பங்கர் என்ற சேமிப்புத் தொட்டியில் அப்பிக்கொண்டு கீழே இறங்காது. ஆளாளுக்கு நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு குத்திவிட வேண்டியதுதான். "கல்லு வரும், களிமண்ணு வரும். ஒரு தடவ தண்டவாளத் துண்டே வந்துச்சு. பேப்பர்ல மட்டும் கிரேடு சுத்தமா எழுதியிருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு லேசானதில்லை. நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டில் 1.86 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று தணிக்கைத் துறைத் தலைவர் 2012இல் அறிக்கை வைத்தார். 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 218 ஒதுக்கீடுகளில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றை ரத்து செய்தது. 2016இல் இந்தோனேசிய நிலக்கரியின் விலையை ஏற்றிக் காட்டுவதாக வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் சுங்க அலுவலகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. பூமிக்கு அடியில் கிடப்பதை அரசு யாருக்குக் கொடுக்கிறது, கப்பலில் வருவதற்கு யார் என்ன தரம் என்று எழுதுகிறார்கள் என்ற இரண்டு இடத்திலுமே கையெழுத்துக்கு விலை உண்டு. காற்றுக்கும் வெயிலுக்கும் கிரேடு எழுத முடியாது என்பதை நான் சொன்னால் பெரியப்பா, "அதுக்கும் ஒரு டெண்டர் வெச்சிருக்கான்ல" என்பார். அதுவும் சரிதான்.

மூட்டைக் கணக்கு

ஒரு நாள் அவரையே உட்காரவைத்து என் வீட்டு மின்கட்டண அட்டையைக் கையில் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் நாட்டு நிலக்கரி சுமார் 700 கிராம் எரிய வேண்டும். அப்படியானால் 350 கிலோ. கூடங்குளம் இருக்கிறது, காற்றாலை இருக்கிறது, எல்லாமே நிலக்கரிக் கரண்ட் இல்லை என்று நான் இடையில் புகுந்தேன். "சரி, பாதின்னு வெச்சுக்கோ" என்றார். 175 கிலோ. நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். சிலதில் நாற்பது சதவீதத்தையும் தாண்டும். ஆக அறுபது கிலோ சாம்பல், ஒரு சிமென்ட் மூட்டைக்கும் மேல், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என் வீட்டுப் பெயரில் எங்கோ கொட்டப்படுகிறது. அட்டையில் அந்த மூட்டைக்கு என்று ஒரு கட்டம் இல்லை.

நிலையத்தின் பக்கமிருந்து பார்த்தால் அளவு தலைசுற்றும். 210 மெகாவாட் யூனிட் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 3,500 டன் நிலக்கரி தின்னும். கிட்டத்தட்ட ஒரு முழு சரக்கு ரயில். அதிலிருந்து ஆயிரம் டன்னுக்கு மேல் சாம்பல். ஐந்தில் நான்கு பங்கு மாவு போன்ற பறக்கும் சாம்பல். புகைபோக்கிக்குப் போகும் வழியில் மின்தகடுகள் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் பாய்லரின் அடியில் விழும் கட்டிச் சாம்பல். உலர் சாம்பலை சிமென்ட் கம்பெனிகளும் செங்கல் சூளைக்காரர்களும் லாரியில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். வாங்க ஆளில்லாததையும் அடிச்சாம்பலையும் தண்ணீரில் கலக்கிக் குழம்பாக்கி, குழாயில் ஏற்றி, கிலோமீட்டர் கணக்கில் தள்ளிச் சாம்பல் குளத்தில் விடுவார்கள். சாம்பல் முழுவதையும் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும் என்று 1999இலிருந்து அறிவிக்கை மேல் அறிவிக்கையாக வந்துகொண்டிருக்கிறது. 2021 டிசம்பர் 31 அன்றும் ஒன்று வந்தது. குளங்கள் இருக்கும் இடத்தில்தான் இருக்கின்றன.

வடசென்னைக்கு அப்பால் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழியைச் சுற்றித்தான் இதெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. 450 மெகாவாட் பழைய எண்ணூர் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. ஆனால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630, இரண்டாம் கட்டம் 1,200, வல்லூர் 1,500, 2024இல் திறந்த வடசென்னை மூன்றாம் கட்டம் 800 என்று நான்காயிரத்துக்கு மேல் நிற்கிறது. ஒடிசாவின் தால்சேரில் தோண்டும் நிலக்கரி ரயிலில் பாராதீப் வந்து, அங்கிருந்து கப்பலேறி இங்கே இறங்குகிறது. இப்போது காமராஜர் துறைமுகம் என்று அழைக்கப்படும் எண்ணூர்த் துறைமுகமே 2001இல் முதன்மையாக இந்த நிலக்கரிக்காகத் தொடங்கப்பட்டதுதான். நிலக்கரி வந்தது, துறைமுகம் வந்தது, துறைமுகம் இருப்பதால் இன்னும் ஒரு நிலையம், அதற்கு இன்னும் ஒரு குளம். ஏற்கெனவே கெட்டுப்போன இடம்தானே என்பது அடுத்ததைக் கொண்டுவந்து வைப்பதற்கு எப்போதும் கிடைக்கும் சமாதானம்.

அந்தக் கழியில் ஒரு முறை படகில் போனேன். கோடைக்கால வெளியோட்டம், நீர் வடிந்துகொண்டிருந்த நேரம். தூரத்திலிருந்து பார்க்க மணல் திட்டு போலத்தான் இருந்தது. கிட்டே போனால் நிறம் இடித்தது: மணலின் பழுப்பும் இல்லை, கழிச் சேற்றின் கறுப்பும் இல்லை, சிமென்ட் சாம்பல். மேலே காய்ந்து வெடித்திருந்தது. காலை வைத்தால் கணுக்காலுக்கு மேல் வழுவழுவென்று இறங்கியது. சேற்றில் கால் வைத்தால் கூசுவது போல ஏதாவது நெளியும், ஊரும். இதில் ஒன்றும் அசையவில்லை. கொஞ்சம் தள்ளி, தண்ணீரில் உட்கார்ந்தபடி ஓர் இருளர் அம்மா பல்லில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அடியைத் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். வலையில்லை, தூண்டிலில்லை, அந்த வேலைக்கு விரல் நுனிதான் கருவி. விரலுக்குச் சேறு பேசும், சாம்பல் பேசாது என்பது கரையேறிய பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பறியைக் கவிழ்த்துக் காட்டினார். கைப்பிடி அளவு இறால், ஒரு நண்டு.

நானும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேலியாக இல்லை, அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ளத்தான். கரண்ட் வேண்டும் என்று சொல்பவர்களுக்கு என்ன பதிலம்மா சொல்வீர்கள்? என்னைச் சற்று வினோதமாகப் பார்த்தார். "கரண்டு வேணாம்னு யாரு சொன்னா? எங்க வூட்லயும்தான் லைட்டு எரியுது, பொண்ணு செல்லுக்கு சார்ஜ் போடுது. குழாய மாத்துங்கன்னு கேட்டுக்கினு கீறோம். ஓட்ட குழாய மாத்து, கொட்டின சாம்பல அள்ளு. வேற இன்னா கேட்டோம்?" படகோட்டி வந்தவரும் தலையாட்டினார். அவர் காட்டுக்குப்பத்துக்காரர், மடவையும் கெளுத்தியும் எந்தத் திட்டோரம் கிடைத்தன, இப்போது படகு எங்கெங்கே தட்டுகிறது என்பதை வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தவர்.

மெகாவாட் குறையாத கசிவு

குழாய்க் கசிவு ரகசியமும் இல்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 2016இல் வழக்குப் போனது. 2017 அக்டோபரில் கமல்ஹாசன் நேரில் போய்ப் பார்த்ததால் எல்லாத் தொலைக்காட்சியிலும் சாம்பல் ஓடியது. 2022இல் தீர்ப்பாயம், குழாய்களைச் சரிசெய்யவும் சாம்பல் படிந்த இடங்களை மீட்டெடுக்கவும் உத்தரவிட்டது. சாம்பல் குளத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கத்துக்காரர்கள் எங்களை வேறு இடத்தில் குடியமர்த்துங்கள் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இத்தனையும் ஒரு குழாய்க்காக. ஆற்றைத் திருப்பவில்லை, மலையைக் குடையவில்லை. ஒரு இரும்புக் குழாய்.

ஊருக்கு வந்து பெரியப்பாவிடம் நேராகவே கேட்டேன். "அந்தக் குழாய மாத்தணும்னா யூனிட்ட நிறுத்தணுமா பெரியப்பா?"

"எதுக்கு நிறுத்தணும்?" என்றார், நான் ஏதோ குழந்தைத்தனமாகக் கேட்டது போல. "ஸ்டாண்ட்பை லைன் இருக்கும்ல. ஒண்ணுல விட்டுக்கிட்டே இன்னொண்ண மாத்த வேண்டியதுதான்." பிறகு உற்சாகமாகிவிட்டார். சாம்பல் குழம்பு மணல்காகிதம் மாதிரி அரிக்குமாம். கனமானது அடியில் போவதால் குழாயின் அடிப்பக்கம்தான் முதலில் மெலியும். மேல்பக்கம் புதுசாகவே இருக்கும். அதனால் சில வருடம் ஓடியதும் குழாயைக் கழற்றி மூன்றில் ஒரு பங்கு சுழற்றி மாட்டுவார்கள், மெலிந்த இடம் பக்கவாட்டுக்குப் போகும்படி. இன்னும் சில வருடம் கழித்து இன்னொரு சுற்று. அப்புறம் மாற்றியே ஆக வேண்டும். எந்தக் குழாய் எப்போது சுற்றியது என்று பதிவேடு இருக்கும். இதையெல்லாம் எச்சிலைத் தொட்டுப் பலகையில் கோடு போட்டு விளக்கினார்.

"அப்புறம் ஏன் மாத்தல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாய்லர் ட்யூப்ல ஊசிமுனை அளவு லீக்குன்னா வையி, அன்னிக்கே சூப்பிரண்டு வருவாரு, சீஃப் இன்ஜினியர் போன் பண்ணுவாரு, ராத்திரியோட ராத்திரியா வெல்டர் இறங்குவான். சாம்பல் லைன் லீக்குன்னா ஃபைல் நகராதும்மா. அதுல மெகாவாட் குறையாதுல்ல."

நான் பல காலமாகத் தேடிக்கொண்டிருந்தது அதுதான். அதில் மெகாவாட் குறையாது. நீராவி கசிந்தால் கட்டுப்பாட்டு அறையில் முள் இறங்கும். மாநிலத்துக்கே மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் சென்னை மையத்தில் இருப்பவர் கேட்பார், அமைச்சர் அலுவலகம் கேட்கும், சாயங்காலச் செய்தியில் வரும். சாம்பல் கசிந்தால் ஒரு அம்மாவின் பறியில் இறால் குறையும். அதைக் காட்ட அந்த அறையில் ஒரு மீட்டரும் கிடையாது. குழாயை மாற்றச் சொல்லி வருகிறவரிடம், உனக்குக் கரண்ட் வேணாமா என்று கேட்பதில் உள்ள கள்ளம் இதுதான்: குழாயை மாற்றினால் ஒரு யூனிட் கரண்ட்கூடக் குறையப் போவதில்லை. கேட்டது ஒன்று, மறுக்கப்படுவது வேறொன்று. கேட்காததை மறுப்பது எவ்வளவு வசதி!

அதே பதில், வேறு ஊர்களில்

இப்படி ஒரு தடவை பார்த்துவிட்டால் மற்ற இடங்களிலும் அதுவே தெரிய ஆரம்பிக்கிறது. நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். தன் நிலத்தில் பழுப்பு நிலக்கரியைக் கண்டு அரசின் கதவைத் தட்டிய ஜம்புலிங்க முதலியாரைப் பற்றிப் பெருமையாகப் பேசும் ஊர் அது. 1956இல் என்.எல்.சி. என்ற நெய்வேலி நிலக்கரி நிறுவனம் வந்தது. சோவியத் உதவியோடு அனல்மின் நிலையம் வந்தது. அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சுரங்க வேலைக்காக நிலம் பல ஆண்டுக்கு முன்பே எடுக்கப்பட்டது, பணம் கொடுத்தாகிவிட்டது என்பது நிறுவனத்தின் வாதம். சட்டப்படி அதில் பலமும் உண்டு. விவசாயிகள் நிலத்தைக் கைவிடாமல் உழுதுகொண்டிருந்தார்கள், நிறுவனமும் அதுவரை கண்டுகொள்ளவில்லை. பயிர் கதிர் வாங்கும் நேரத்தில் இறங்கினார்கள். இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றம் கேட்டது. பதில் என்ன? உடனே தோண்டாவிட்டால் மின் உற்பத்தி பாதிக்கும். மறுபடியும் அதே ஃபேன், அதே பார்வை. அங்கே கேட்கப்பட்டது அறுவடைவரை தவணை; சொல்லப்பட்ட பதில் மாநிலத்தின் கரண்ட்.

புகைபோக்கி விஷயம் இன்னும் நீளமான கதை. கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. இரண்டு வருடம் அவகாசம். புகையிலிருந்து கந்தகத்தைச் சுண்ணாம்புக் கரைசலால் கழுவி எடுக்கும் சாதனத்தைப் பொருத்த வேண்டும். 2017 வந்தது, கெடு 2022க்குப் போனது. பிறகு மறுபடி, பிறகு மறுபடி. 2024 டிசம்பர் கடைசியில் இன்னும் மூன்று வருடம். கடைசியாக 2025 ஜூலையில், முக்கால் பங்குக்கும் மேற்பட்ட யூனிட்டுகளுக்கு இந்தச் சாதனமே கட்டாயமில்லை என்று முடித்துவிட்டார்கள். டெல்லித் தலைநகர் வட்டாரத்திலிருந்தோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்திலிருந்தோ பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால் மட்டும் கட்டாயம். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, சுற்றுப்புறக் காற்றில் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று காரணம் சொல்கிறார்கள். கந்தகம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பெரிய யூனிட்டுகளுக்கு 275 மீட்டர் உயரத்தில் புகைபோக்கி கட்டச் சொன்னதே புகை அந்தப் பத்து கிலோமீட்டரில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. மேலே போன வாயு வழியில் நுண்துகளாக மாறி, நிலையத்தின் பெயரே தெரியாத ஊரில் மூச்சுக்குள் போகிறது. அந்த ஊர்க்காரர் ஆஸ்துமா மருந்தோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது எந்தப் புகைபோக்கியைக் கை காட்டுவார்? கழியிலாவது குழாய் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. 2023 மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு ஆகிய டெல்டா பகுதிகள் இருந்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் ஒரே குரலில் பேசின. ஏப்ரல் 8ஆம் தேதி மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சில நாளில் முடிந்த காரியம். அப்போது யாரும் எழுந்து, "தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கரண்ட் வேணாமா?" என்று கேட்கவில்லை. கேட்க முடியாது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருந்தது, அதைவிட டெல்டா என்றால் சோறு என்ற உணர்வு இருந்தது, வரிசையாகத் தொகுதிகள் இருந்தன. எனக்கு அந்த முடிவில் மகிழ்ச்சிதான். ஆனால் அதே அரசியல் எண்ணூர்க் கழிக்கு வாயைத் திறக்க எத்தனை வருடமானாலும் போதவில்லை. நெல்லுக்கு இருக்கும் மரியாதை இறாலுக்கு இல்லை. பட்டா நிலத்துக்கு இருக்கும் மரியாதை யார் பெயரிலும் இல்லாத சேற்றுக்கு இல்லை. நிலக்கரிக்காக எது போகலாம், எது போகக் கூடாது என்று இந்த மாநிலம் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முப்பது காசு

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அவருடைய எதிர்வாதம் என்னுடையதைவிடக் கெட்டியாக இருந்தது. "கந்தகம் கழுவற மெஷினு சும்மா வராது. மெகாவாட்டுக்கு ஒரு கோடிக்கு மேல. யாரு தலையில கட்டுவ?" யூனிட்டுக்கு 25, 30 காசு கூடும் என்பதுதான் அந்த விலக்கு வந்தபோது பேசப்பட்ட கணக்கு. என் 500 யூனிட்டுக்கு முழுக்கப் போட்டாலும் 150 ரூபாய், இரண்டு மாதத்துக்கு. நான் கட்டிவிடுவேன் என்றேன். "நீ கட்டுவ. 2022 செப்டம்பர்ல கட்டணம் ஏத்துனப்ப திருப்பூர்க்காரன் என்ன பேசுனான்னு கேட்டியா? மின்வாரியத்துக்கு ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல கடன். நூறு யூனிட் இலவசத்துல கை வைக்கச் சொல்லு பாப்போம், தேர்தல் வருஷத்துல." அவர் சொல்வதில் ஒரு சுழல் இருக்கிறது. கட்டணம் ஏற்றினால் ஓட்டுப் போகும், ஏற்றாவிட்டால் வாரியத்திடம் குழாய் மாற்றக் காசிருக்காது, காசில்லாதபோது முதலில் வெட்டுப்படுவது மெகாவாட் குறைக்காத செலவுதான். இலவச மின்சாரத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நூறு யூனிட்டில்தான் பல வீடுகளில் விளக்கே எரிகிறது. ஆனால் பெரிய வீடுகளுக்கும் மால்களுக்கும் பெரிய ஆலைகளுக்கும் தருகிற கரண்டின் சாம்பலை அந்த வீடுகளின் பெயரைச் சொல்லி மறைப்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

காற்றும் வெயிலும் இருக்கிறதே என்று சொல்லி நழுவிவிடவும் அவர் விடமாட்டார். பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிய காற்றாலைகள் இங்கே இருக்கின்றன. ஆனால் அவை மே முதல் செப்டம்பர் வரை ஆடிவிட்டு ஓய்ந்துவிடும். வெயில் ஆறு மணிக்குப் படுத்துவிடும், அப்போதுதான் நாம் ஏசியைப் போடுவோம். பாய்லரை நினைத்தபோது பாதிக்குக் கீழே இறக்கி நினைத்தபோது ஏற்றவும் முடியாது. தீ அணைந்துவிடும், குழாய்கள் விரிந்து சுருங்கி விரிசல் விடும். எனவே கொஞ்ச காலம் நிலக்கரி இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. ஏற்றுக்கொண்டால் குழாயின் முக்கியத்துவம் கூடத்தானே செய்கிறது? நாளைக்கே மூடப் போகும் நிலையத்தின் ஓட்டையைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இன்னும் இருபது, முப்பது வருடம் ஓடப் போகிறது, உடன்குடியில் புதிதாக 660 மெகாவாட்டில் இரண்டு வருகிறது என்றால், ஓட்டையை அடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார் என்று கேட்பது எந்த விதத்தில் வளர்ச்சிக்கு விரோதம்?

புதிய நிலையம், விரிவாக்கம் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006 அறிவிக்கை சொல்கிறது. முப்பது நாள் முன்பே விளம்பரம், கலெக்டர் அல்லது அவர் சார்பில் ஒருவர் தலைமை, முழுவதும் வீடியோ பதிவு. நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், தமிழில் சுருக்கம் மட்டும். ஓட்டெடுப்பு கிடையாது, பேசியதைக் குறித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மைக்கைப் பிடித்த ஒருவர் பழைய குழாய் எப்போது மாற்றப்படும் என்று கேட்டார். மேடையிலிருந்து, மாநிலத்தின் உச்ச மின்தேவை ஆண்டுக்கு ஆண்டு எப்படி ஏறுகிறது என்று விளக்கம் வந்தது. அவர் மறுபடியும் குழாய் என்றார். மைக் அடுத்தவருக்குப் போய்விட்டது.

அடுத்த கூட்டத்துக்குப் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பார்க்கிறேன். அவர் எழுந்து ஸ்டாண்ட்பை லைன் எங்கே, குழாயைக் கடைசியாக எப்போது சுற்றினீர்கள், பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டால் மேடையிலிருந்து எந்த மின்தேவைக் கணக்கை எடுத்துவிடுவார்கள் என்று பார்க்க ஆசை. அவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. "பென்ஷன் வாங்கற ஆளும்மா நான்" என்கிறார். பெரியம்மா மட்டும், போய்விட்டு வாங்களேன், சும்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஃபேனை நிறுத்து, ஃபேனை நிறுத்து என்று என் உயிரைத்தானே எடுக்கிறீர்கள் என்கிறாள்.